கோலப்பொடியில் தெரிந்த கீறல்

இரும்புக்குத் தோலை மட்டும் கெட்டியாக்கித் தருவது எங்கள் தொழில். சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்த மீதிப் பேர் நாளைக்கே வேண்டும் என்பார்கள்.

லாரி, டிராக்டர், லோடு வண்டி எல்லாவற்றிலும் சக்கரத்தையும் அச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிற பின், ஷாஃப்ட், பல்சக்கரம் என்று அரியமங்கலத்தில் எங்கள் பட்டறைக்குத் தினமும் சாமான் வந்து இறங்கும். கரித்தூளோடு பெட்டியில் அடைத்து ஃபர்னஸில் வைத்தால், அந்தச் சூட்டில் கரி இரும்பின் மேல்தோலுக்குள் கொஞ்சமாக இறங்கும். எடுத்து எண்ணெயில் முக்கினால் தோல் கல்லாகிவிடும், உள்ளே பழைய இரும்பாகவே இருக்கும். அவ்வளவுதான் வித்தை. அடுப்புக்குள் போவதற்கு முன்னாலும் வெளியே வந்த பிறகும் சாமான்களைப் பார்த்து அனுப்புவது என் வேலை. பச்சைமலை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது முடித்து, ஸ்ரீரங்கத்தில் வாக்கப்பட்டு, மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு பஸ் பிடிக்கிறவள் நான். கிரீஸ் நாற்றம் போகாத கையோடு வீட்டுக்குப் போய் சப்பாத்தி மாவு பிசைகிற சகோதரிகளே, 'அர்ஜென்ட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே ஷட்டரை இறக்கப் பார்க்கிற லேத்துக்கடை அண்ணன்மார்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

மெதுவடை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி டிராக்டர் பின் ஒன்றைக் கொடுத்து, "உள்ளே வெளியே எல்லாம் ஒரே மாதிரி கல்லா ஆக்கிக் குடும்மா" என்றார். அப்படிச் செய்தால் வயலில் முதல் குலுக்கலிலேயே கண்ணாடி மாதிரி ஒடிந்துவிடும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கெட்டி என்றால் கெட்டிதானே, அதில் என்ன பாதி கெட்டி என்று நின்றார். எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் சமையலறையில்தான் இருந்தது. மெதுவடை மாதிரி, ஐயா. வெளியே மொறுமொறுவென்று இருக்க வேண்டும், தேயாமல் இருக்க. உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும், அடி தாங்க. உள்ளேயும் மொறுமொறு என்றால் அது வடை இல்லை, தட்டை.

அவர் பின்னைக் கையில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிய கெட்டி, உள்ள மெத்துன்னா அது எங்க வீட்டு மாப்பிள்ளைம்மா, நான் கேக்குறது டிராக்டருக்கு."

மருதாணி

பின்னின் ஒரு முனையில் மரை இருக்கும், நட்டு முடுக்க. மரை மட்டும் கெட்டியாகிவிடக் கூடாது; கெட்டியானால் முடுக்கும்போதே பல் பல்லாக உதிர்ந்துவிடும். அதனால் அடுப்புக்குப் போகும் முன் மரையில் மட்டும் ஒரு களிம்பைத் தடவிக் காய வைப்போம். களிம்பு இருக்கிற இடத்தில் கரி இறங்காது. அந்த வேலையை நானும் இன்னொரு பெண்ணும் செய்வோம். ஃபேனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் பல் பல்லாகத் தடவி, பலகையில் வரிசையாகக் காய வைப்போம். பார்க்கிறவர்களுக்குக் கல்யாண வீட்டுக்கு முந்தின நாள் மாதிரித்தான் இருக்கும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் லேத்தும் கிரைண்டிங் மிஷினும் வைத்திருக்கிற செல்வம் அதைப் பார்த்துச் சிரிக்காமல் போனதில்லை. லால்குடிப் பக்கத்துப் பையன், கல்யாணம் ஆகாதவன், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். இரும்பைக் கடைந்து பின் செய்வான், எங்களிடம் கெட்டியாக்கக் கொடுப்பான், திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கடைசி அளவுக்குத் தேய்ப்பான். அடுப்புக்குப் போய் வந்தால் இரும்பு கொஞ்சம் வளையும், கொஞ்சம் ஊதும். அதற்காக மயிரிழை அளவு கூடுதலாக விட்டுக் கடைவது வழக்கம். செல்வம் பயந்தவன். மயிரிழைக்குப் பதிலாகக் கயிற்றளவு விட்டுவிடுவான். எங்கள் முதலாளி ரஹீம் பாய் அதைப் பார்த்து, "ஏன்டா தம்பி, இவ்வளவு கனத்தைத் தேய்ச்சா நாங்க வச்ச தோல் மிஞ்சுமா?" என்று தினமும் திட்டுவார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்பிச் சொல்வான்: "அக்கா, அவரு கெடக்காரு, என் பின்னுக்கு மட்டும் கொஞ்சம் அழகா வைங்க, அதுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்."

பட்டறைக்கு வந்த மங்களம்

கெட்டியான தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊற வைத்து, துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தூவ வேண்டும். கீறலுக்குள் போன எண்ணெய் கொஞ்ச நேரத்தில் கசிந்து வரும். வெள்ளையில் மெல்லிய கோடாக நனைந்து காட்டிக்கொடுக்கும். ஒருநாள் பொடி தீர்ந்துவிட்டது. கடைக்கு ஆள் போய் வருவதற்குள் லாரிக்காரர் கத்துவார். அன்றைக்குக் காலையில்தான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலுக்கு வந்த வண்டிக்காரரிடம் கோலப்பொடி வாங்கி, வீட்டுக்குள் வைக்க மறந்து, பையோடு பட்டறைக்கே தூக்கி வந்திருந்தேன். எடுத்துத் தூவினேன். கடைப் பொடியைவிட நன்றாகவே காட்டியது. அதற்கப்புறம் பட்டறைக்கு நான்தான் பொடி சப்ளை.

ரஹீம் பாய் வெள்ளை வெளேரென்று கிடந்த மேஜையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வாப்பா காலத்துலேருந்து நடக்குற பட்டறை, இன்னைக்குத்தான்மா மங்களகரமா இருக்கு."

தார் பழுப்பதற்குள்

செல்வத்தின் அண்ணன் முருகேசன் ஒரு பழைய லோடு வண்டி வைத்திருந்தார். லால்குடிப் பக்கத்து வாழைத்தார்களை விடியற்காலையில் ஏற்றி காந்தி மார்க்கெட்டில் இறக்குவது அவர் பிழைப்பு. அந்த வண்டிக்குக் கம்பெனி சாமான் இப்போது கிடைப்பதில்லை. முன்சக்கரத்தை அச்சோடு பிடித்துத் திருப்ப விடுகிற கிங்பின் தேய்ந்துபோய், ஸ்டியரிங் ஆட ஆரம்பித்துவிட்டது. தம்பி லேத்துக்காரன் இருக்கும்போது என்ன கவலை? செல்வம் புதிதாக ஒன்று கடைந்து எங்களிடம் கொடுத்துவிட்டான்.

எடுக்க வந்த அன்றைக்கு அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். வண்டி ஜாக்கியில் நிற்கிறது, மத்தியானம் ஒரு லோடு ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்று முருகேசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஒரு சீப்பு பூவன்பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, நான் பொடி தூவுவதைப் பார்த்து, "இது என்ன தங்கச்சி, மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கே" என்றார். பின்னில் கீறல் எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது. வழக்கம்போலக் கனம்தான் கூடுதல். பாய் செல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "நிறையத் தேய்க்க வேண்டியிருக்கு தம்பி. தண்ணியை நல்லா ஓட விட்டு, தொட்டுத் தொட்டு எடு" என்றார். கெட்டியான தோலைத் தண்ணீர் விடாமல் தேய்த்தால் அந்தச் சூட்டிலேயே அது வெடித்துவிடும், கோடையில் காய்ந்த ஏரித்தரை மாதிரி. லேத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். செல்வமும் தலையாட்டினான்.

பொடி தூவுவதற்கு முன்னால், எண்ணெயிலிருந்து எடுத்த சூடு ஆறுவதற்குள்ளேயே முருகேசன் நான்கு தடவை எட்டிப் பார்த்திருந்தார். நான்காவது தடவை என்னிடம் கேட்டார்: "என் தாரு பழுக்குறதுக்குள்ளயாவது உங்க பின்னு ஆறிடுமா தங்கச்சி?"

சாப்பாட்டுப் பை

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் சேதி வந்தது. விடியற்காலையில் தார் ஏற்றி வந்த வண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டுக்கு முன்னால், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் இறங்கிவிட்டது. முருகேசனுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. எதிரே வண்டி இல்லை, ரோடு காலி. தூங்கிவிட்டிருப்பார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள், போலீசும் அதையே சொன்னது. நாங்கள் பட்டறையோடு போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தோம். முற்றத்தில் அவர் மனைவி கலா, காய்ச்சலில் சுருண்டிருந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என் வயசுதான் இருக்கும்.

காரியம் எல்லாம் முடிந்து செல்வம் பட்டறைக்கு வந்தான். வாசலில் நின்றே, சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் மேஜையில் வைத்தான். அதில் அந்த கிங்பின், இரண்டு துண்டாக. சிதைந்த வண்டியிலிருந்து அவனே கழற்றி எடுத்திருக்கிறான். "பாருங்கக்கா" என்றான்.

ஒடிந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மோதிய அதிர்ச்சியில் ஒடிந்த இரும்பு முழுக்கப் பளபளவென்று இருக்கும். இதில் பாதிதான் பளபளப்பு. மீதிப் பாதி கறுத்து, எண்ணெய் ஏறிப் பழசாகியிருந்தது. பல நாளாகவே உள்ளே விரிந்துகொண்டு வந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, துடைத்து, பொடியைத் தூவிவிட்டு நானும் அவனும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மேலிருந்து கீழ் வரை சன்னமாக வலை பின்னின மாதிரி.

அன்றைக்கு மிஷின் தொட்டியில் தண்ணீர் வற்றியிருந்ததாம். எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஊற்ற வேண்டும், கொஞ்ச நேரம் பிடிக்கும். அண்ணன் தலைமேல் நின்று லோடு, லோடு என்று பறந்ததில், இந்த ஒரு தடவைதானே என்று தண்ணீர் விடாமலே தேய்த்திருக்கிறான். சூட்டில் இரும்பு நீலம் பூத்தது. எமரித்தாளால் நீலத்தைத் துடைத்துவிட்டு, மினுமினுவென்று அண்ணன் கையில் கொடுத்திருக்கிறான். எல்லாவற்றையும் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிவிட்டு, பைக்குள் பின்னைத் திரும்ப வைக்கக் கை வராமல் நின்றவன் முனகினான்: "தண்ணி விட்டிருக்கலாங்க்கா."

கலா வந்தது

அந்த கிங்பின் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. அவனுக்கு வீட்டுக்கு எடுத்துப்போக மனசு வரவில்லை; எனக்குப் பழைய இரும்போடு போட மனசு வரவில்லை. பொடி டப்பாவை எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது கையில் இடறும். முகம் திருப்பிக்கொள்வேன்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கலா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "கோலப்பொடி போட்டுப் பாக்குற அக்கா நீங்கதானா? அவரு வீட்டுல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றாள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். மகள் மேஜையில் சிந்தியிருந்த பொடியில் விரலால் புள்ளி வைத்தது.

டீயைக் குடிக்காமலே கலா பேசினாள். வண்டி வாய்க்காலில் இறங்கியதற்கு முந்தின ராத்திரி பிள்ளைக்கு நெருப்பாகக் காய்ந்திருக்கிறது. முருகேசன் படுக்கிறேன் என்று சொன்னாராம். இவள்தான் விடவில்லை. தோளில் போட்டு நடந்துகொண்டே இருங்க, கீழே விட்டால் அழுகிறாள் என்று விடிய விடிய நடக்க வைத்திருக்கிறாள். கண் சிவந்துதான் வண்டி எடுத்தாராம். "ஊரே அவரு தூங்கிட்டாருங்குது. அப்ப நாந்தானேக்கா அவரத் தூங்க விடாம அனுப்புனேன்? அழக்கூட எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

அந்த இழுப்பறை என் முழங்காலுக்கு நேரே இருந்தது. திறந்தால் இவள் பாரம் இறங்கும், செல்வத்தின் தலையில் ஏறும். மூடியே வைத்திருந்தால் இவள் காலமெல்லாம் இப்படியே நடந்துகொண்டிருப்பாள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். காய்ச்சல் ராத்திரியில் பிள்ளையைப் புருஷன் தோளில் போட்டு நடக்க வைக்காத தாய் யார்? எண்ணெயிலிருந்து எடுத்துக் காய வைத்திருந்த பின்களைப் பார்த்துக்கொண்டு கலா கேட்டாள்: "அவரு தூங்குனாரா இல்லையான்னு இந்த இரும்புல எதுலயாச்சும் எழுதியிருக்குமாக்கா?"

அண்ணியும் தம்பியும்

நாளைக்கு வா என்று அவளை அனுப்பிவிட்டு நேரே செல்வம் கடைக்குப் போனேன். கலா சொன்னதை அப்படியே சொன்னேன். மிஷினை நிறுத்தினான். அவனுக்கு இது தெரியாது. ஒரே வாசலில் குடியிருந்தும் இருவரும் ஆளுக்கொரு மூலையில் அதே பாரத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"நான் சொல்றது மொறையில்லை தம்பி. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"சொன்னா அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் தண்ணி கெடைக்குமாக்கா?"

"தெரியலை" என்றேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் வந்தான். கலா வருவதற்கு முன்னாலேயே வந்து, மேஜையைத் துடைத்து, மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தான். பாய் ஃபர்னஸ் பக்கம் இருந்தவர்களை எல்லாம் டீக்கு அனுப்பிவிட்டுத் தானும் வெளியே போய்விட்டார். கலா வந்தாள். "அண்ணி, ஒக்காருங்க" என்றான். ஊறின துண்டை எடுத்துத் துடைத்து, கோலப்பொடியை அவனே தூவினான். பாதிப் பொடி மேஜையில் விழுந்தது. கோடுகள் ஒன்றொன்றாக வந்தன. "இது நான் தேய்ச்சப்ப விழுந்தது அண்ணி. தண்ணி விடாம தேய்ச்சேன். அண்ணன் தூங்கலை. இது ஒடிஞ்சு சக்கரம் ஒரு பக்கமா திரும்பியிருக்கு. முழிச்சிருந்தும் அவரால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." ஒடிந்த முகத்தில் கறுத்த பாதியையும் பளபளத்த பாதியையும் காட்டினான்.

கலா கறுத்த பாதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "தூங்கலை" என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் அழாத அழுகையை எங்கள் பட்டறையில் அழுதாள். நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டேன். செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுது முடித்ததும் இரண்டு துண்டையும் பொடியோடு தலைப்பில் முடிந்துகொண்டாள். கொழுந்தனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: "இது என் வீட்டுலயே இருக்கட்டும்க்கா, அவ பெரியவளானா அப்பா முழிச்சுதான் இருந்தாருன்னு காட்டுவேன்."

அடுப்படியிலிருந்து

அதற்கப்புறம் அவள் செல்வத்தோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. தட்டில் சோறு வைத்து வாசல்படியில் தள்ளிவிட்டுப் போய்விடுவாளாம். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று செல்வம் என்னிடம் ஒருநாள் சொன்னான். தட்டு வருகிறதே என்றேன்.

அவன் கடைக்குப் போனால் இப்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். தேய்க்கிற வேலை இருக்கிறதோ இல்லையோ, மிஷினில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தரையெல்லாம் சொதசொத. அண்ணன் மாதிரி ஒரு டிரைவர் வந்து நின்று பறந்தால், "வேற கடை பாருங்க" என்று அவரை அனுப்பிவிடுவான். அந்தச் சிரிப்புப் பேச்செல்லாம் போய்விட்டது. களிம்பு தடவுகிற எங்களைக் கடந்து போகும்போது பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு நேரே போய்விடுவான்.

போன வாரம் சொன்னான். காலையில் அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து குரல் வந்ததாம். மகளிடம்தான் பேசியிருக்கிறாள் கலா. அவனுக்குக் கேட்கிற மாதிரி. இப்போது தினமும் அப்படித்தானாம், அவன் செருப்பை மாட்டும் நேரம் பார்த்து: "ஏய் பாப்பா, ஒன் சித்தப்பா கடையில தண்ணி ஓடுதான்னு கேளு."

தேய்த்து முடித்த ஒவ்வொரு பின்னையும், யாரும் கேட்காமலே, செல்வம் என் மேஜைக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் வண்டிக்காரர் கையில் கொடுக்கிறான் என்பதால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் இப்போதெல்லாம் கோலம் கொஞ்சம் சின்னதாகத்தான் விழுகிறது.